ஆன்டிலோப் கேன்யன் போறீங்களா? வானத்தை விட்டுட்டு சுவரைப் படம் எடுங்க

ஜூன் ஸ்கூல் லீவுக்கு அமெரிக்கா போறோம், வேகாஸ் முடிச்சுட்டு அப்படியே ஆன்டிலோப் கேன்யன் பார்க்குறோம், கேமராவுல என்ன செட்டிங் வைக்கணும்னு இந்த மாசம் மட்டும் மூணு பேர் கேட்டுட்டாங்க, அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சுடறேன்.

முதல்ல அந்த இடம் எப்படின்னு புரிஞ்சுக்கணும், செட்டிங் எல்லாம் அப்புறம். அரிசோனால பேஜ்னு ஒரு சின்ன ஊர், அதுக்குப் பக்கத்துல நவாஹோங்கற அமெரிக்கப் பழங்குடி மக்களோட நிலத்துல இருக்கு இந்த கேன்யன். மழை வெள்ளம் மணலோட சேர்ந்து ஓடி ஓடி மணல்பாறையை அறுத்து உண்டான இடுக்கு, சில இடத்துல ரெண்டு கையை விரிச்சா ரெண்டு பக்கச் சுவரும் கைக்கு எட்டும். மேல ஒரு கீறல் மாதிரிதான் வானம் தெரியும். அந்தக் கீறல் வழியா விழற வெயில் ஒரு சுவர்ல பட்டு, எதிர்ச் சுவருக்குத் தெறிச்சு, திரும்ப இந்தப் பக்கம் வந்து, இப்படியே கீழ இறங்க இறங்க மஞ்சள் ஆரஞ்சாகி, சிவப்பாகி, நிழல்ல ஊதாவா மாறிடும். நீங்க எடுக்க வேண்டியது அந்தத் தெறிச்ச வெளிச்சத்தைத்தான்.

ஆனா உள்ள நுழைஞ்சதும் எல்லாரும் என்ன பண்றோம்னா அண்ணாந்து பார்த்து வானத்தோட சேர்த்து கிளிக் பண்றோம். நானும் முதல் தடவை அதையேதான் பண்ணேன், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டா பாதிப் படத்துல வானம் வெள்ளையா எரிஞ்சு போயிருக்கு, சுவர் கருப்பா கிடக்கு, அவ்வளவு தூரம் போயிட்டு வந்து அதைப் பார்க்க ரொம்ப வேதனையா இருந்துச்சு. அதனால சொல்றேன், ஃப்ரேம்ல துளி வானம் கூட வேண்டாம், வெயில் நேரடியா படற பாறையும் வேண்டாம்.

இதை இங்க சிங்கப்பூர்லயே பழகிட்டுப் போகலாம். டோபி காட் எம்ஆர்டில இறங்கி ஃபோர்ட் கேனிங் ட்ரீ டனலுக்குப் போங்க, அந்தச் சுழல் படிக்கட்டுக்குக் கீழ நின்னு மேல பார்த்தா இருட்டான சுவர், நடுவுல பளீர்னு வானம், அதே பிரச்சினைதான். வானத்தைச் சேர்த்து ஒண்ணு, சேர்க்காம சுவரை மட்டும் ஒண்ணு எடுத்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, நான் சொல்ல வர்றது அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சிடும்.

இந்த கேன்யன் அப்பர், லோயர்னு ரெண்டு தனித்தனிப் பகுதியா இருக்கு, எதுக்குப் போறதுன்னு கேப்பீங்க. அப்பர் சமதரை, நடக்கறது சுலபம், தாத்தா பாட்டி கூட வந்தா அதுதான் சரி, ஒளிக்கற்றை தூண் மாதிரி இறங்கற படமெல்லாம் பெரும்பாலும் அங்க எடுத்ததுதான். கீழ அகலம் மேல குறுகல், அதனால இருட்டு ஜாஸ்தி. லோயர்ல இரும்பு ஏணில இறங்கணும், ஆனா மேல திறந்திருக்கறதால வெளிச்சம் நல்லா வரும், சுவரோட வளைவு கண்ணுக்குப் பக்கத்துலயே இருக்கும். படத்துக்காக மட்டும் போறீங்கன்னா என் ஓட்டு லோயருக்குத்தான்.

ஒளிக்கற்றை சுமாரா மார்ச் கடைசிலேர்ந்து அக்டோபர் ஆரம்பம் வரைக்கும், அதுவும் உச்சி வெயில் நேரத்துலதான் விழும். டிசம்பர் லீவுல போனா அது கிடைக்காது, கலர் கிடைக்கும், ஏமாந்துடாதீங்க. ஜூன் நமக்கு நல்ல மாசம், சூரியன் உச்சில இருக்கும், அந்த ஊர் மழைக்காலம் ஜூலைலதான் சூடு பிடிக்கும். நேரத்துல ஒரு சிக்கல் இருக்கு: கோடைல நவாஹோ நிலத்துல கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும், பேஜ் ஊர் அரிசோனா நேரத்துலயே நிக்கும், போன் தானா மாறி மாறிக் காட்டும். டூர் எந்த நேரப்படின்னு புக் பண்ணும்போதே கேட்டு எழுதி வெச்சுக்கோங்க.

கைடு இல்லாம உள்ள போக முடியாது. ட்ரைபாட், செல்ஃபி ஸ்டிக், பை எதுவும் சாதாரண டூர்ல விடமாட்டாங்க, கேமராவைக் கழுத்துல மாட்டிட்டுத்தான் போகணும். அதனால கையிலேயே ஆடாம எடுக்கற மாதிரி செட் பண்ணுங்க: லென்ஸ் திறப்பு (அப்பர்ச்சர்) எஃப் 5.6 அல்லது எஃப் 8, ஷட்டர் 30ல ஒரு பங்கு செகண்டை விட மெதுவா போகாம, வெளிச்சத்தை உணர்ற அளவான ஐஎஸ்ஓவை 800லேர்ந்து 3200 வரைக்கும் தைரியமா ஏத்துங்க, கொஞ்சம் புள்ளி விழுந்தா பரவாயில்ல, ஆடிப்போன படத்தை எதுவும் பண்ண முடியாது. 16-35 எம்எம் மாதிரி அகலமா காட்டற ஒரு வைட் லென்ஸை வெளியவே மாட்டிடுங்க, உள்ள லென்ஸ் மாத்தவே மாத்தாதீங்க, மேலேர்ந்து மணல் கொட்டிக்கிட்டே இருக்கும். அப்புறம் கம்ப்யூட்டர்ல திருத்த வசதியா, கேமரா சுருக்காத ரா ஃபைல்ல எடுங்க. கலரோட சாயலைத் தீர்மானிக்கற ஒயிட் பேலன்ஸை ஆட்டோல விடாதீங்க, அது ஆரஞ்சைத் தப்புன்னு நினைச்சு வெளிறிப் போக வெச்சிடும், கிளவுடில வைங்க. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், தெறிச்ச வெளிச்சம் மொத்தத்தையும் அது அழிச்சிடும்.

போன்தான் இருக்குன்னாலும் கவலை இல்ல, உண்மையிலேயே அழகா வரும். சுவர்ல பளிச்சுன்னு இருக்கற இடத்தை விரலால அழுத்திப் பிடிச்சா எக்ஸ்போஷர், அதாவது வெளிச்ச அளவு, லாக் ஆகும், அப்புறம் கொஞ்சம் கீழ இழுத்து இருட்டாக்குங்க. ஐபோன்ல விவிட் வார்ம்ங்கற ஃபில்டர் வெச்சுப் பாருங்க. கைடுங்களுக்கு எந்த வளைவு எந்த நேரத்துல நல்லா இருக்கும்னு அத்துப்படி, அவங்க கைகாட்டற இடத்துல நின்னு எடுங்க, டிப்ஸ் நல்லா குடுங்க.

கூட்டம் இருக்கும், முன்னாடி தலை தெரியும். குரூப்ல கடைசி ஆளா நடங்க, முன்னாடி போறவங்க வளைவு திரும்பினதும் ஒரு சில செகண்ட் காலியா கிடைக்கும். இல்லன்னா கேமராவைத் தலைக்கு மேல உள்ள சுவர் பக்கம் திருப்புங்க, அங்க யாரும் இருக்கமாட்டாங்க.

ஒண்ணே ஒண்ணு ரொம்ப முக்கியம். 1997 ஆகஸ்ட் 12ல லோயர்ல திடீர் வெள்ளம் வந்து 11 பேர் இறந்துட்டாங்க, கனமழை பெஞ்சது அங்க இல்ல, மைல் கணக்கா தள்ளி. நம்ம தலைக்கு மேல வானம் நீலமா இருந்தாலும் டூர் ரத்துன்னு சொன்னாங்கன்னா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம திரும்பிடுங்க, முடிஞ்சா பேஜ்ல ரெண்டு ராத்திரி தங்கற மாதிரி பிளான் போடுங்க, மறுநாள் ஒரு வாய்ப்பு இருக்கும்.

வெளிய வந்ததும் லென்ஸைத் துணியால துடைக்காதீங்க, மணல் கண்ணாடியைக் கீறிடும். முதல்ல புளோயரால (கையால அமுக்கிக் காத்து அடிக்கற பல்பு) நல்லா ஊதுங்க, ஜூம் வளையத்தைச் சுத்திச் சுத்தி ஊதுங்க, ஹோட்டல்ல இன்னொரு தடவை ஊதுங்க, வீட்டுக்கு வந்து ஈரம் படாம கேமரா வைக்கற டிரை பாக்ஸ்ல வைக்கறதுக்கு முன்னாடியும் ஒரு தடவை. எனக்கு ரெண்டு வாரம் கழிச்சும் கேமராப் பட்டை மடிப்புலேர்ந்து அந்தச் சிவப்பு மணல் உதிர்ந்துச்சு.