பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின் சஸ்பென்ஷன்: ஷாக்கும் புஷ்ஷும் நாமே மாற்றுவது எப்படி

வளைவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காரின் பின்பகுதி தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் ஒதுங்குகிறதா? பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்னாலிருந்து "டொக்" என்று ஒரு சத்தம்? பின் டயரின் உள்ஓரம் மட்டும் மொட்டையாகிக்கொண்டே போகிறதா? "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் காரணம் புஷ்ஷின் (மூட்டுகளில் இரண்டு குழாய்களுக்கு நடுவே ரப்பர் வைத்த உருளை) ரப்பர் செத்துப்போனதுதான், அல்லது ஷாக் (ஸ்ப்ரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய் உருளை) தேய்ந்துபோனதுதான். இரண்டையும் வீட்டிலேயே மாற்றலாம்.

உதாரணத்துக்கு முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5ஐ எடுத்துக்கொள்கிறேன். 1989இல் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமாகி 1997 வரை தயாரான வண்டி. நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன்: மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம், இரண்டையும் சேர்த்துப் பிடித்துச் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள். ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் ஒரே தொகுதியாகக் கழன்று வரும். பின்பக்கம் பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) கிடையாது, எல்லா மூட்டிலும் ரப்பர் புஷ்தான். வேறு வண்டி வைத்திருந்தால் நட்டு அளவும் முறுக்கு அளவும் மாறும், வேலை செய்யும் முறை ஏறக்குறைய இதேதான். போர்ஷே 944 போல பின்னால் ஸ்ப்ரிங்குக்குப் பதில் டார்ஷன் பார் (முறுக்கிக்கொடுக்கும் கம்பி) இருக்கும் வண்டி என்றால் இது பொருந்தாது, அது தனிக் கதை.

முதலில் எது போயிருக்கிறது என்று பாருங்கள்

காரின் மூலையை அழுத்தி விட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் சோதனையைப் பெரிதாக நம்ப வேண்டாம். முழுதாகச் செத்த ஷாக்கைத்தான் அது காட்டிக்கொடுக்கும், பாதி போனது தப்பித்துவிடும். ஷாக்கின் உடம்பைப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் படலம் பரவாயில்லை, ஈரமாக வழிந்து தூசி ஒட்டிக் கறுத்திருந்தால் சீல் போய்விட்டது. புஷ்ஷைச் சோதிக்க, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்த பிறகு ஆர்முக்கும் அது மாட்டியிருக்கும் சட்டமான சப்ஃபிரேமுக்கும் நடுவில் ஒரு நெம்புகம்பியை விட்டு மெதுவாக நெம்புங்கள். ரப்பர் கொஞ்சம் அசையும், அது இயல்பு. உள்குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தாலோ, ரப்பரில் விரல் நகம் போகும் அளவுக்கு வெடிப்பு இருந்தாலோ மாற்ற வேண்டியதுதான்.

இந்த மாடலில் பலர் கவனிக்காத ஒன்று பம்ப் ஸ்டாப். ஷாக் தண்டில் கோத்திருக்கும் மஞ்சள் நிற ஸ்பாஞ்ச் மாதிரியான துண்டு. பழைய வண்டியில் தூசி உறையை மேலே தள்ளிப் பார்த்தால் பெரும்பாலும் அந்தத் துண்டே இருக்காது, உறைக்குள் மஞ்சள் பொடி மட்டும் கொட்டிக்கிடக்கும். இந்தக் காரின் சஸ்பென்ஷனுக்கு மேலும் கீழும் ஓடும் இடம் குறைவு என்பதால், வளைவிலும் மேட்டிலும் பம்ப் ஸ்டாப் அடிக்கடி வேலை செய்யும். அது இல்லாமல் புது ஷாக் மாட்டினால் புது ஷாக்கும் சீக்கிரம் அடிவாங்கும். ஷாக் வாங்கும்போதே பம்ப் ஸ்டாப்பும் தூசி உறையும் சேர்த்து வாங்குங்கள்.

எதை மாற்றினாலும் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்று ஓட்டினால் இடது வளைவில் ஒரு வண்டி, வலது வளைவில் வேறு வண்டி.

புஷ்ஷில் ரப்பரா, பாலியூரித்தேனா என்று கேட்பீர்கள். சாலையில் மட்டும் ஓட்டுவதற்கு ரப்பர்தான் என் கட்சி. பாலி இறுக்கமாக இருக்கும், திருப்பத்தில் கூர்மை வரும், ஆனால் கிரீஸ் சரியாக வைக்காவிட்டால் கிறீச்சிடும், சாலையின் ஒவ்வொரு கல்லையும் இருக்கைக்குக் கொண்டுவரும்.

முந்தைய நாள் வேலை

எல்லா போல்ட்டிலும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். சாயங்காலம் ஒரு தரம், படுக்கப் போகும் முன் ஒரு தரம், காலையில் ஒரு தரம். குறிப்பாக நக்கிளின் அடியில் குறுக்கே போகும் நீளமான போல்ட்.

அப்புறம், வண்டி சமதளத்தில் நான்கு காலில் நிற்கும்போதே பின்சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே சக்கர வளைவின் ஓரம் வரை டேப் வைத்து அளந்து, இரண்டு பக்கத்துக்கும் எழுதி வையுங்கள். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள், கடைசியில் இந்த எண் இல்லாமல் வேலை முடியாது.

தூக்குவது

ஒரு விஷயத்தை நிறையப் பேர் யோசிப்பதில்லை. ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. பின்சக்கர டிரைவ் வண்டியில் கியரில் போட்டு நிறுத்தினாலும் பிடிபடுவது அதே பின்சக்கரம்தான். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் இரண்டும் பயனற்றுப் போகும், வண்டி உருளாமல் தடுக்க முன்சக்கரங்களுக்கு வைத்த கட்டை மட்டும்தான் மிச்சம். அதனால் முன்சக்கரங்கள் இரண்டுக்கும், முன்னும் பின்னும், நல்ல கட்டையாகப் பார்த்து வையுங்கள். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, மேனுவலில் சொன்ன இடத்தில் ஜாக் கொடுத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து, வண்டியைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் அடியில் போவதற்கு முன்பே விழட்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் கையை விடக்கூடாது.

கழற்றுவது

சக்கரத்தை எடுத்ததும் முதலில் ஆன்ட்டி ரோல் பாரின் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்க இரு பக்கத்தையும் இணைக்கும் கம்பி) லிங்க்கை இரண்டு பக்கமும் கழற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் போதாதா என்றால், லிங்க் மாட்டியிருக்கும் பக்கத்தில் பார் ஆர்மோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும், உங்களுக்குத்தான் கஷ்டம்.

அடுத்து டிக்கியைத் திறந்து உள்விரிப்பை விலக்குங்கள். ஷாக்கின் தலைப்பகுதி அங்கேதான் தெரியும், பக்கத்துக்கு இரண்டு 14 மிமீ நட்டு. பேட்டரியும் இந்த வண்டியில் டிக்கிக்குள்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் ஸ்பேனரை நீட்டும்போது முனைகளில் பட்டுவிடாமல் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். மேல் நட்டுகளைத் தளர்த்தி மட்டும் வைத்துவிட்டு, கீழே வந்து ஷாக்கின் அடி போல்ட்டை (17 மிமீ) எடுத்துவிடுங்கள்.

இப்போதும் ஷாக் வெளியே வராது, இடம் போதாது. நக்கிளின் அடியில் இருக்கும் அந்த நீள போல்ட்டை உருவினால் கீழ் ஆர்ம் நன்றாக இறங்கி வழி விடும். அதற்கு முன் நக்கிளைக் கயிறோ கம்பியோ போட்டு மேலே கட்டிவிடுங்கள், அதன் எடை பிரேக் ஹோஸில் தொங்கக்கூடாது, டிரைவ் ஷாஃப்ட்டும் ஒரேயடியாக இழுபடக்கூடாது.

நீள போல்ட் சண்டை போடும். தலையை ஸ்பேனரால் கொஞ்சம் திருப்புவீர்கள், திரும்பும், சந்தோஷப்படுவீர்கள், கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே துள்ளி வரும். அப்படி வந்தால் போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருவில் ஒட்டிப்போயிருக்கிறது, நீங்கள் திருப்பியது ரப்பரைத்தான். இன்னும் பலமாகத் திருகினால் ரப்பர் கிழியும். புஷ்ஷை எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால் கவலையில்லை, இரண்டு பக்கமும் இடைவெளியில் ரம்பத்தை விட்டு போல்ட்டை அறுத்துவிட்டுப் புது போல்ட் போடுவதே நிம்மதி. புஷ்ஷைக் காப்பாற்ற வேண்டும் என்றால் நட்டை நுனி வரை தளர்த்தி அதன் மேல் சுத்தியலால் தட்டுங்கள், ஸ்ப்ரே அடியுங்கள், முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசையுங்கள், திரும்ப ஸ்ப்ரே. கேஸ் டார்ச் வைத்துச் சுடும் யோசனை மட்டும் வேண்டாம். பெட்ரோல் டேங்க் இருக்கைக்குப் பின்னால், நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

போல்ட் வந்ததும் மேல் நட்டுகளை முழுதாக எடுத்து, ஆர்மைக் காலால் கீழே அழுத்தி, ஷாக்கைச் சாய்த்து வெளியே இழுங்கள். மேல் நட்டை எடுக்கும் நேரத்தில் கீழே ஒருவர் ஷாக்கைப் பிடித்திருந்தால் நல்லது.

ஸ்ப்ரிங்கைப் புது ஷாக்குக்கு மாற்றும் இடம், இங்கே அவசரம் ஆகாது

இந்த வேலையில் உண்மையிலேயே ஆளைக் காயப்படுத்தக்கூடிய கட்டம் இதுதான். சுருங்கிய ஸ்ப்ரிங்கில் அடைபட்டிருக்கும் விசை சாதாரணமானது இல்லை.

முதலில் பெயின்ட் பேனாவால் மேல் மவுன்ட்டும், ஸ்ப்ரிங்கின் முனையும், ஷாக்கின் அடியில் போல்ட் நுழையும் கண்ணும் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் நிற்கின்றன என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்ப்ரிங்கைச் சுருக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்ப்ரிங் கம்ப்ரஸரின் இரண்டு கொக்கிகளையும் நேர் எதிரெதிராக மாட்டி, இந்தப் பக்கம் சில சுற்று, அந்தப் பக்கம் சில சுற்று என்று கைஸ்பேனரால் மாற்றி மாற்றி முறுக்குங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம். ஸ்ப்ரிங் தட்டிலிருந்து விடுபட்டுக் கையால் ஆட்ட வருகிறது என்று தெரிந்த பிறகே மேல் மவுன்ட்டின் நடு நட்டைத் தொடுங்கள், அப்போதும் முகத்தை ஷாக்கின் நேர்கோட்டில் வைக்காதீர்கள். கம்ப்ரஸர் மெலிந்ததாகவோ மரை தேய்ந்ததாகவோ இருந்தால் ஷாக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுங்கள், சில நிமிட வேலைதான் அவர்களுக்கு.

புது ஷாக்கை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து முழுதாக அழுத்தி, முழுதாக இழுத்து, சில தடவை செய்யுங்கள். படுக்கவைத்திருந்தபோது எண்ணெய்க்குள் நுழைந்த காற்று வெளியேறும். பளபளக்கும் தண்டை பிளையரால் பிடிக்கவே கூடாது, ஒரு கீறல் போதும், சீல் காலி. நட்டை முறுக்கும்போது தண்டின் நுனியில் அதைப் பிடிப்பதற்கென்றே உள்ள வெட்டில்தான் பிடிக்க வேண்டும்.

புஷ்

ஷாக் மட்டும் மாற்றுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஆர்மைக் கழற்ற வேண்டும் என்றால், கீழ் ஆர்மின் உள்பக்க போல்ட்டுகளில் இருக்கும் கேம் வாஷரை (துளை நடுவில் இல்லாத வாஷர், திருப்பினால் ஆர்ம் நகரும்) கவனியுங்கள். அதில் கோடுகள் இருக்கும், எந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று தளர்த்தும் முன்னரே குறித்து, போனில் படமும் எடுத்து வையுங்கள். பின்சக்கரங்களின் அலைன்மென்ட் (சக்கரம் நிற்கும் கோணம்) முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது.

பழைய புஷ்ஷைத் தள்ளி எடுக்க பிரஸ் இருந்தால் சுலபம். இல்லையென்றால் நீளமான மரைக்கம்பி, தடித்த வாஷர்கள், ஒரு பக்கம் பெரிய சாக்கெட், மறுபக்கம் புஷ் நுழையும் அளவு குழாய் என்று அமைத்து முறுக்கி இழுக்கலாம். வரவே மாட்டேன் என்றால் ரப்பரைத் துளைத்து எடுத்துவிட்டு, வெளிக்கூட்டை மட்டும் ரம்பத்தால் ஒரு கோடு வெட்டி உள்பக்கமாக மடக்குங்கள், ஆர்மின் உலோகத்தில் வெட்டு விழாமல். துளையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டு, ஃப்ரீசரில் குளிரவைத்த புது புஷ்ஷை நேராக உள்ளே இழுங்கள். கோணலாக நுழைவது போலத் தெரிந்தால் உடனே நிறுத்தி, வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள்.

மாட்டுவது, எப்போது இறுக்குவது

கழற்றிய வரிசையைத் திருப்பிப் போட்டால் மாட்டும் வரிசை. போல்ட்டின் வழவழப்பான தண்டுப் பகுதிக்கு ஆன்ட்டி சீஸ் (துருவில் ஒட்டாமல் தடுக்கும் பசை) பூசுங்கள், அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார். எல்லாவற்றையும் கோத்து, நட்டுகளைக் கையால் இறுகும் வரை மட்டும் முறுக்கி நிறுத்துங்கள். டிக்கிக்குள் இருக்கும் மேல் நட்டுகளை மட்டும் இப்போதே முடிக்கலாம், 29 முதல் 36 நியூட்டன் மீட்டர்.

புஷ் வழியாகப் போகும் போல்ட்டுகளை, ஷாக்கின் அடி போல்ட் உட்பட, சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கவே கூடாது. ரப்பர் புஷ் பேரிங் கிடையாது, அதற்குள் எதுவும் சுழல்வதில்லை. வெளிக்கூடு ஆர்மோடு ஒட்டியது, போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டோடு ஒட்டிவிடும், நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு ஆர்மை அசையவிடுகிறது. தொங்கும்போது இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், கார் சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்தே நிற்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் ரப்பர் அளவுக்கு மீறி முறுக்கும், புது புஷ் சீக்கிரமே கிழியும். புது புஷ் போட்டும் சத்தம் திரும்ப வந்துவிட்டது என்று புலம்புகிறவர்களைக் கேட்டால் பாதிப் பேர் இதைச் செய்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

இப்போது அந்த டேப் அளவை எடுங்கள். நக்கிளுக்கு நேர் கீழே, ஆர்மின் வெளிமுனையில் ஜாக் கொடுத்து, சக்கர மையத்திலிருந்து வளைவின் ஓரம் வரை நீங்கள் எழுதிவைத்த அளவு வரும்வரை மெதுவாகத் தூக்குங்கள். வண்டியின் உடம்பு ஸ்டாண்டிலிருந்து எழும்பப் பார்த்தால் நிறுத்துங்கள், எடை குறைந்த கார் இது. அந்த உயரத்தில் வைத்து டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள், ஷாக்கின் அடி போல்ட்டுக்கு 73 முதல் 93 நியூட்டன் மீட்டர், மற்றவற்றுக்கு மேனுவல். தாழ்வான புது ஸ்ப்ரிங் போட்டிருந்தால் பழைய அளவு உதவாது, சக்கரம் மாட்டி, உறுதியான சாய்தளப் பலகையில் ஏற்றி, எடை சக்கரத்தில் இருக்கும்போது அடியில் போய் இறுக்க வேண்டும். பாலி புஷ்ஷில் உள்குழாய் தனியே சுழலும் என்பதால் இந்தத் தொல்லை இல்லை, அந்த ஒரு விஷயத்தில் அதற்கு மதிப்பெண் கொடுக்கலாம்.

லிங்க்குகளை மாட்டி, சக்கரம் போட்டு, இறக்கி, வீல் நட்டுகளை 88 முதல் 118 நியூட்டன் மீட்டருக்குள் குறுக்கு வரிசையில் முறுக்குங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டம் பக்கத்துத் தெரு வரை, மெதுவாக. பிரேக் பிடித்துப் பாருங்கள், சத்தம் கேளுங்கள். அலைன்மென்ட் கட்டாயம், கேம் போல்ட்டைத் தொடாதவர்களுக்கும்கூட, ஏனென்றால் புது புஷ் பழைய புஷ் ஒதுங்கி நின்ற இடத்தில் நிற்காது. முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரத்தின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) முக்கியம் என்று சொல்லிக் கேளுங்கள், பின்சக்கரங்களின் முன்ஓரம் சற்று உள்நோக்கி இருக்க வேண்டும். வெளிநோக்கி இருந்தால் முதல் பத்தியில் சொன்ன பின்பக்க ஒதுங்கல் எல்லாப் புதுப் பாகங்களோடும் அப்படியே திரும்ப வரும். சுமார் நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளையும் மேல் நட்டுகளையும் ஒரு முறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். முன்பக்க ஷாக்கும் அதே வயசுதான் என்பதால், பின்பக்கம் இறுகியதும் முன்பக்கத்தின் தளர்ச்சி பளிச்சென்று தெரிய ஆரம்பிக்கும், அதற்கும் பாகங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.