ஒரு பேஸ்பால் அணியின் நிர்வாகத்தையும் பிளேஆஃப் வாய்ப்பையும் பற்றி ஆதாரத்தோடு வாதிடுவது எப்படி: நியூயார்க் மெட்ஸை முன்வைத்து

2025 ஜூன் 12 அன்று நியூயார்க் மெட்ஸ் அணி 45 வெற்றி, 24 தோல்வி என்ற கணக்குடன் மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணிகளிலும் முதலிடத்தில் நின்றது. செப்டம்பர் 28 அன்று சீசன் முடிந்தபோது அதன் கணக்கு 83-79 ஆகியிருந்தது. சீசனுக்குப் பின் நடக்கும் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் இடம் கிடைக்கவில்லை. இப்படியொரு சரிவுக்குப் பிறகு ரசிகர்கள் கூடினால், அணியைக் களத்தில் நடத்தும் மேனேஜரை நீக்க வேண்டும் என்று ஒருவரும், உரிமையாளர் கொட்டிய பணம் வீண் என்று இன்னொருவரும், காயங்கள்தான் கெடுத்தன என்று மற்றொருவரும் பேசுவார்கள். மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யாவிட்டால், அந்த உண்மைகள் ஒன்றையொன்று சந்திக்காமலே பேச்சு முடிந்துவிடும்.

ஆகவே, டிவிஷனை (ஐந்து அணிகள் கொண்ட தன் பிரிவை) வெல்லுமா, பிளேஆஃபுக்குள் நுழையுமா, உலகத் தொடரை (கோப்பைக்கான இறுதித் தொடரை) வெல்லுமா என்ற மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். மேஜர் லீக் அணிகள் இரண்டு லீகுகளாகப் பிரிந்து ஆடுகின்றன. 2022 முதல் ஒவ்வொரு லீகிலிருந்தும் ஆறு அணிகள் பிளேஆஃபுக்குச் செல்கின்றன: மூன்று டிவிஷன்களின் வெற்றியாளர்களும், அவர்களுக்கு அடுத்தபடியாகச் சிறந்த கணக்குள்ள மூன்று வைல்டு கார்டு அணிகளும். டிவிஷன் வெற்றியாளர்களில் முதல் இருவர் முதல் சுற்றில் ஆடத் தேவையில்லை. எஞ்சிய நான்கு அணிகள் மூன்று ஆட்டத் தொடரில் மோதுகின்றன, அந்த மூன்று ஆட்டங்களும் தரவரிசையில் மேலே உள்ள அணியின் மைதானத்திலேயே நடக்கின்றன. 2022-இல் 101 ஆட்டங்களை வென்ற மெட்ஸ், 89 மட்டுமே வென்ற சான் டியேகோ பாட்ரேஸிடம் இந்தச் சுற்றில் சொந்த மைதானத்திலேயே தோற்றது. ஒரு சுற்று இலவசமாகக் கிடைத்தும் அட்லாண்டா பிரேவ்ஸ் அடுத்த தொடரிலேயே வீழ்ந்தது. 87 வெற்றியோடு கடைசி இடத்தில் நுழைந்த பிலடெல்பியா பில்லீஸ் உலகத் தொடர் வரை சென்றது. 162 ஆட்டங்கள் ஓர் அணியின் தரத்தைக் காட்டும்; மூன்று ஆட்டங்களால் அது முடியாது. எனவே உள்ளே நுழைவதற்கான வாய்ப்பை உறுதியாகவும், கோப்பைக்கான வாய்ப்பை மிகுந்த அடக்கத்தோடும் பேசுவதே சரி.

அடுத்து, புள்ளிப் பட்டியலை வாசிக்கும் முறை. இரண்டு அணிகளின் வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பதே பின்தங்கிய ஆட்டக் கணக்கு. ஓர் அணி 80-70 என்றும், இன்னோர் அணி 78-70 என்றும் இருந்தால், பின்னது ஓர் ஆட்டம் பின்தங்கியிருப்பதாகப் பட்டியல் காட்டும். ஆனால் அதற்கு இன்னும் இரண்டு ஆட்டங்கள் கூடுதலாக மீதமிருப்பதால், அவற்றை வென்றால் சமநிலைக்கு வந்துவிடும். இன்னும் ஆடாத ஆட்டத்தை வெல்ல முடியும், ஏற்கெனவே தோற்றதை மாற்ற முடியாது என்பதால், செப்டம்பரில் தோல்விகளின் எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான வாதங்கள் தவறவிடும் இடம் சமநிலை விதி. முன்பு இரு அணிகள் ஒரே கணக்கில் முடித்து, பிளேஆஃப் இடம் கேள்விக்குள்ளானால் 163-ஆவது ஆட்டம் நடக்கும். 2022 முதல் அது இல்லை. அந்த இரு அணிகளும் சீசனில் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களில் யார் அதிகம் வென்றார்கள் என்பதே முதல் அளவுகோல். அதுவும் சமமானால் சொந்த டிவிஷனுக்குள் பெற்ற கணக்கு பார்க்கப்படும். ஐபிஎல் பார்த்துப் பழகியவர்கள் நெட் ரன் ரேட்டை நினைத்துக்கொள்வார்கள்; இங்கே ரன் வித்தியாசத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது.

மெட்ஸைப் போல் இந்த விதியின் மூன்று முகங்களையும் இவ்வளவு விரைவில் பார்த்த அணி அரிது. 2022-இல் மெட்ஸும் பிரேவ்ஸும் 101-61 என்று முடித்தன. நேரடி மோதலில் பிரேவ்ஸ் 10-9 என்று முன்னிலை பெற்றிருந்ததால் டிவிஷன் அதற்குப் போயிற்று. செப்டம்பர் 30 முதல் அட்லாண்டாவில் நடந்த மூன்று ஆட்டங்களில் ஒன்றையாவது மெட்ஸ் வென்றிருந்தால் டிவிஷன் நியூயார்க்குக்கு வந்திருக்கும். 2024-இல் மெட்ஸ், பிரேவ்ஸ், அரிசோனா டைமண்ட்பேக்ஸ் ஆகிய மூன்றும் 89-73 என்று நிற்க, அரிசோனா வெளியேறியது. 2025-இல் சின்சினாட்டி ரெட்ஸும் மெட்ஸும் 83-79. நேரடி மோதலில் ரெட்ஸ் 4-2. கடைசி நாளில் ரெட்ஸ் தோற்று வழிவிட்டபோதும், மெட்ஸ் மயாமியில் 0-4 என்று தோற்றது. சீசன் முழுவதும் மோதிய வெறும் ஆறு ஆட்டங்கள், கடைசியில் மற்ற 156 ஆட்டங்களையும் விட அதிகமாகப் பேசின.

இதிலிருந்தே போட்டியாளர் யார் என்ற கேள்விக்கும் வழி பிறக்கிறது. மெட்ஸ் ரசிகர்களின் பேச்சு அதே டிவிஷனில் உள்ள பிரேவ்ஸையும் பில்லீஸையும் சுற்றியே வரும். அதில் தவறில்லை, அந்தப் பகைக்கு நெடிய வரலாறு உண்டு. ஆனால் 2023 முதல் சொந்த டிவிஷனுக்குள் ஆடும் ஆட்டங்கள் 76-இலிருந்து 52 ஆகக் குறைந்துவிட்டன. ஒவ்வொரு டிவிஷன் எதிரியோடும் 19-க்குப் பதிலாக 13 ஆட்டங்கள்தான். வைல்டு கார்டுக்கு மோதும் அணி வேறு டிவிஷனில், ஆண்டுக்கு ஆறேழு முறை மட்டும் சந்திக்கும் அணியாக இருக்கலாம். ஜூலை முடிவதற்குள் வைல்டு கார்டு வரிசையில் அருகிலுள்ள நான்கைந்து அணிகளை எழுதி, ஒவ்வொன்றோடும் நேரடிக் கணக்கு எவ்வளவு என்று குறித்து வையுங்கள். உண்மையான எதிரிகளின் பட்டியல் அதுதான்.

நிர்வாகத்தைக் குறை சொல்லும்போது பொறுப்பைச் சரியான ஆளிடம் சேர்க்க வேண்டும். மெட்ஸில் பணத்தின் எல்லையை வகுப்பவர் உரிமையாளர் ஸ்டீவ் கோஹன். அந்தப் பணத்தில் யாரை வாங்குவது, யாரை விடுவது என்று தீர்மானிப்பவர் பேஸ்பால் நிர்வாகத் தலைவர் டேவிட் ஸ்டெர்ன்ஸ். கையில் உள்ள வீரர்களை எந்த வரிசையில் இறக்குவது, பந்து வீசும் பிட்சரை எப்போது மாற்றுவது என்பவை 2025-இல் மேனேஜர் கார்லோஸ் மெண்டோசாவின் கையில் இருந்தன. ஏழாவது இன்னிங்ஸில் களைத்த பிட்சரை நிறுத்திவைத்ததற்கு மேனேஜரைக் கேட்கலாம். மாற்ற நல்ல பிட்சரே இல்லாததற்கு அவரைக் கேட்பது அநியாயம்.

2025-இன் சரிவை இந்த முறையில் பிரித்துப் பாருங்கள். பேட்டர் ஹுவான் சோட்டோவுக்கு 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் கொடுத்தது பேட்டிங்குக்கான செலவு. அவர் 43 ஹோம் ரன் அடித்தார், ஆகவே சரிவை அந்த ஒப்பந்தத்தின் மேல் போடுவது கணக்குக்கு ஒவ்வாது. ஆட்டத்தைத் தொடங்கி முதல் பல இன்னிங்ஸ்களை வீச வேண்டிய தொடக்க பிட்சர்கள் விஷயத்தில்தான் ஸ்டெர்ன்ஸ் சிக்கனம் காட்டினார்: ஷான் மனாயா, பிராங்கி மொன்டாஸ், கிரிபின் கேனிங் ஆகியோரோடு, நியூயார்க்கின் மற்றோர் அணியான யாங்கீஸில் ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சராக இருந்த கிளே ஹோம்ஸைத் தொடக்க பிட்சராக மாற்றும் முயற்சியையும் நம்பினார். மொன்டாஸும் மனாயாவும் சீசனுக்கு முன்பே காயமடைந்தனர். ஜூன் 12 அன்று இன்னொரு தொடக்க பிட்சர் கொடாய் செங்காவுக்குத் தொடைத் தசையில் காயம். அதே மாதத்தில் கேனிங்கின் குதிகால் நாண் அறுந்தது. காயம் யாருடைய குற்றமும் அல்ல. ஆனால் அணிகள் வீரர்களைக் கைமாற்றிக்கொள்வதற்கான ஜூலை 31 வர்த்தகக் கெடுவுக்குள் ரயன் ஹெல்ஸ்லி, டைலர் ராஜர்ஸ், கிரெகரி சோட்டோ என்று இடையில் வந்து வீசும் பிட்சர்களை வாங்கியவர், ஒரு தொடக்க பிட்சரைக்கூட வாங்கவில்லை. அந்த ஓட்டை அன்றைக்கே வெளிப்படையாகத் தெரிந்ததால், என் பார்வையில் இந்தச் சீசனின் மிகக் கனமான குற்றச்சாட்டு இதுதான். ஹெல்ஸ்லி பிறகு மோசமாக வீசியதை அதே எடையில் வைக்க முடியாது. ஒரு முடிவை, அது எடுக்கப்பட்ட நாளில் தெரிந்திருந்ததை வைத்தே அளக்க வேண்டும். அளவுக்கு மீறிய விலை கொடுத்து இளம் வீரர்களை இழக்க விரும்பவில்லை என்ற எதிர்வாதத்துக்கும் இடம் கொடுங்கள்: கைவிடாமல் வைத்திருந்த இளம் தொடக்க பிட்சர் நோலன் மெக்லீன் ஆகஸ்டில் வந்து மிக நன்றாக வீசினார்.

வெறும் பணத்தைக் காட்டி வாதிடுபவருக்கு 2023 ஒன்றே போதும். அந்த ஆண்டு வரலாறு காணாத சம்பளப் பட்டியலோடு தொடங்கிய மெட்ஸ், 75-87 என்று முடித்தது. நட்சத்திர பிட்சர்களான மேக்ஸ் ஷெர்சரையும் ஜஸ்டின் வெர்லாண்டரையும் சீசன் நடுவிலேயே வேறு அணிகளுக்குக் கைமாற்றியது.

வாய்ப்பைச் சதவீதமாகச் சொல்லும் கணிப்புகளை ஒதுக்க வேண்டாம், சாசனமாகவும் கொள்ள வேண்டாம். 2007-இல் 17 ஆட்டங்களே மீதமிருக்க ஏழு ஆட்ட முன்னிலையில் இருந்த மெட்ஸ், பில்லீஸிடம் டிவிஷனை இழந்தது. 2024 ஜூன் தொடக்கத்தில் 24-35 என்று கிடந்த அதே அணி, மீதியில் 65-38 என்று ஆடி நேஷனல் லீக் இறுதித் தொடர் வரை போயிற்று. இப்போதைய கணக்கு நிலைக்குமா என்று பார்க்க பேஸ்பால் புள்ளியியல் ஆய்வாளர் பில் ஜேம்ஸ் தந்த எளிய வழி உதவும்: அடித்த ரன்களின் வர்க்கத்தை, அடித்த ரன்களின் வர்க்கமும் விட்டுக்கொடுத்த ரன்களின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். 700 அடித்து 650 விட்டுக்கொடுத்த அணிக்கு 0.537 என்ற வெற்றி விகிதம் கிடைக்கும், 162 ஆட்டங்களில் அது ஏறத்தாழ 87 வெற்றி. அந்த அணி 94 வென்றிருந்தால், ஓரிரு ரன் வித்தியாச வெற்றிகள் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். 80 மட்டுமே வென்றிருந்தால், நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இன்னிங்ஸ்களில் யார் வீசினார்கள் என்று பாருங்கள். மேனேஜரைப் பற்றிய நியாயமான விசாரணை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.