அடுக்களைத் திருட்டு: பூனையைத் திட்டுவதற்கு முன்

"சோறு போட்டா பூனை எலி பிடிக்காதுல்லா" என்று சொல்லி, பூனையை அரைப்பட்டினி போடும் வீடுகள் நம் திருநெல்வேலிப் பக்கம் இன்னும் உண்டு. அடுக்களைத் திருட்டு பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பூனைக்கு வேட்டை வேறு, பசி வேறு. வயிறு நிறைந்த பூனையும் எலி ஓடினால் பாயும். பசித்த பூனைக்கோ எலியைத் தேடி அலைவதைவிட மேடையில் ஆறவைத்த மீன்குழம்பு சுலபம். நீங்கள் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே அதற்கு வேளைச் சாப்பாட்டை வைத்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு, மீன் ஆயும்போது நடப்பது. அங்கணத்தில் அரிவாள்மணையைப் போட்டுச் சாளையை ஆயத் தொடங்கியதும் பூனை காலைச் சுற்றிவந்து கத்தும். தொல்லை தாங்காமல், சரி, ஒரு தலைதானே என்று தூக்கிப் போடுவோம். அன்றிலிருந்து அரிவாள்மணையை எடுக்கும் சத்தம் கேட்டாலே அது ஓடிவரும். நாலு நாள் விரட்டிவிட்டு ஐந்தாம் நாள் இரக்கப்பட்டுப் போடுவது இன்னும் மோசம். எப்போதாவது கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட பிராணி லேசில் விடாது. கொடுப்பதானால் வேலை முடிந்த பிறகு, புறவாசலில், அதன் தட்டில் கொடுங்கள்.

நாய் விஷயத்தில், திருட்டு முடிந்து அரை மணி கழித்து அடிப்பார்கள். எதற்கு அடி என்று அதற்குத் தெரியாது. "பாருங்க, திருட்டு முழி முழிக்கு" என்பதும் நம் கற்பனைதான். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், எதையும் தின்னாத நாயும் எசமானர் திட்டியபோது அதே முழி முழித்தது. கன்னி, சிப்பிப்பாறை மாதிரி உயரமான நாய் பின்னங்காலில் நின்றால் சமையல் மேடை அதற்கு எட்டாத இடமே இல்லை. மேடையைக் காலியாக வைப்பதுதான் வழி.

சட்டியின் மேல் தட்டைக் கவிழ்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பூனை விளிம்பில் பாதத்தைக் கொடுத்து நெம்பிவிடும். அந்தக் காலத்தில் பால், தயிரை உறியில் தொங்கவிட்டதற்கும் மூடியின் மேல் குழவிக்கல்லை வைத்ததற்கும் காரணம் இருந்தது. கருவாட்டை ஓலைக் கொட்டானில் போடாமல், மூடி இறுகப் பொருந்தும் எவர்சில்வர் தூக்கில் போடுங்கள். அல்வாப் பொட்டலம் குறைந்தால் மட்டும் முதலில் பிள்ளைகளை விசாரியுங்கள். பூனையால் இனிப்புச் சுவையை உணர முடியாது; அதற்கான மரபணு அதனிடம் செயலிழந்து கிடப்பதை 2005-இல் கண்டறிந்தார்கள். நெய் வாசத்துக்கு வேண்டுமானால் நக்கிப் பார்க்கும்.

விரட்டுவதற்கு மிளகாய்ப்பொடி தூவுவதும், அலமாரியில் பாச்சா உருண்டை போடுவதும் வேண்டவே வேண்டாம். பாச்சா உருண்டை பூனைக்கு விஷம்.

குழம்பில் கிடக்கும் வெங்காயமும் அப்படித்தான். உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கப் போதும். நாலு கிலோ பூனைக்கு அது சில சின்ன வெங்காயம்தான். நாய்க்குக் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம். பூண்டும் ஆகாது. பாயசத்து உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கோழி எலும்பு வெந்தபின் கூராக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதால் குப்பைக்கூடைக்கும் மூடி வேண்டும்.

இவற்றில் எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கப் பார்க்காதீர்கள். வெங்காயத்தின் பாதிப்பு வெளியே தெரியச் சில நாள் ஆகலாம்: ஈறு வெளுக்கும், சிறுநீர் பழுப்பாகப் போகும். அதுவரை காத்திராமல், எதை, எவ்வளவு, எப்போது தின்றது என்று குறித்துக்கொண்டு பக்கத்துக் கால்நடை மருத்துவரிடமோ இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோங்கள்.