செல்போனில் பேய்க் குறும்படம்: இருட்டை எப்படி எடுப்பது?

கதை, நடிக்க இரண்டு பேர், ஒரு வீடு, போனை மாட்ட ஒரு ஸ்டாண்டு. இவை தயார் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். கேமராவை ஆட்டினால்தான் பயம் வரும் என்றில்லை. ஓரன் பெலி தன் சொந்த வீட்டில் சுமார் 15,000 டாலரில் எடுத்த 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' (2007) படத்தில் படுக்கையறைக் கேமரா ஸ்டாண்டில் அசையாமல்தான் நிற்கும். ஃபிரேம் அசையாதபோது, பார்ப்பவர் கண் தானே மூலை முடுக்கெல்லாம் தேட ஆரம்பித்துவிடும்.

படி 1: கேமராவின் ஆட்டோ அமைப்புகளுக்கு விடை கொடுங்கள். போனோடு வரும் கேமரா ஆப் எனக்குப் பிடிக்காது. இலவசமான 'பிளாக்மேஜிக் கேமரா' ஆப் போதும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரம்) 1/50 நொடி. ஃபோகஸையும் ஒயிட் பேலன்ஸையும் (வெளிச்சத்துக்கு ஏற்ற நிறச் சமன்) லாக் செய்துவிடுங்கள். விளக்கு வெளிச்சம் படத்தில் மினுக்காமலிருக்க இது மின்சாரத்தோடு ஒத்துப்போக வேண்டும்; அதனால் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 30 ஃபிரேம், 1/60.

படி 2: இருட்டு. நாம் எல்லோரும் சறுக்குவது இங்கேதான். விளக்குகளை அணைத்துவிட்டு எடுத்தால் இருட்டு கிடைக்காது. சாம்பல் நிறத்தில் நெளியும் புள்ளிகள்தான் கிடைக்கும். சென்சாருக்கு வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ (ஒளியைக் கூட்டிக் காட்டும் அளவு) ஏறுவதால் வரும் நாய்ஸ் அது.

ஒரே ஒரு விளக்கை எடுத்து, நடிகருக்குப் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில், ஃபிரேமுக்கு வெளியே வையுங்கள். தலைமுடி ஓரம், தோள், ஒரு பக்கக் கன்னம் மட்டும் தெரிய வேண்டும். கண்குழி கறுப்பாகவே இருக்கட்டும். முன்னாலிருந்து வெளிச்சம் கூடவே கூடாது. பின்சுவரில் எங்கோ ஒரு மங்கலான கீற்று இருந்தால், குறுக்கே எது நகர்ந்தாலும் உருவமாகத் தெரியும். ஐஎஸ்ஓவை முடிந்தவரை குறைத்து, நீங்கள் விரும்புவதைவிடச் சற்று வெளிச்சமாகவே எடுங்கள். எடிட்டிங்கில் இறக்கிக்கொள்ளலாம், இருட்டாக எடுத்ததை ஏற்றினால் நாய்ஸும் சேர்ந்து ஏறும். போன் திரையை நம்பாதீர்கள். இருட்டறையில் கண் பழகிவிடுவதால் எல்லாமே பளிச்சென்று தெரியும். ஹிஸ்டோகிராமை (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பாருங்கள்.

மலிவான எல்இடியை டிம் செய்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடலாம். டிம் செய்வதற்குப் பதில் தள்ளி வையுங்கள், அல்லது சுவரில் அடித்துத் திருப்புங்கள்.

படி 3: ஒலி. நடிப்பு முடிந்ததும் அந்த அறையின் அமைதியை அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். வசன இடைவெளிகளில் அதைப் போடாவிட்டால் வெட்டு காதில் விழும். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே தாராளம். அப்புறம், திடீர் அலறல் ஒன்றுக்கு மேல் வேண்டாம். இரண்டாவதற்குள் பார்ப்பவர் உஷாராகிவிடுவார்.

பின்சேர்க்கை: யூடியூபில் ஏற்றியதும் இருட்டுப் பகுதிகள் கட்டம் கட்டமாக உடைகின்றன என்று கமென்டில் சிலர் கேட்டிருந்தார்கள். அது கம்ப்ரஷன் (வீடியோவைச் சுருக்குவது) செய்யும் வேலை. 1080-இல் எடுத்திருந்தாலும் 4கே-வாக ஏற்றுமதி செய்து ஏற்றுங்கள். எடிட்டிங்கில் சேர்க்கும் லேசான ஃபிலிம் கிரெய்னும் (பழைய ஃபிலிமில் தெரிவதுபோன்ற பொடிப் புள்ளிகள்) உதவும், அதிகமானால் அதுவே கெடுக்கும்.

இன்னொரு கேள்வி, அடிவயிற்றைக் கலக்கும் உறுமல் போனில் கேட்கவே இல்லை என்பது. போன் ஸ்பீக்கரில் அவ்வளவு கீழ் ஒலி வராது. அந்த உறுமலோடு கதவு கிறீச்சிடுவதுபோல் மேல் சுருதி ஒலி ஒன்றையும் மெலிதாகக் கலந்து, போனிலேயே ஒருமுறை கேட்டுவிட்டு வெளியிடுங்கள்.