மும்பை கிரீக்கில் பெரிய கொடுவா பிடிக்க

நம்ம ஊர் கொடுவா மீனைத்தான் மும்பையில் ஜிதாடா என்கிறார்கள். சாஃப்ட் பிளாஸ்டிக் லூரில் (மென்மையான பிளாஸ்டிக் செயற்கை இரை) பெரிய மீன் வேண்டுமென்றால் 3 அங்குலத்தை விட்டுவிட்டு, வால் தட்டையாக இருக்கும் 5 அங்குல ஷாடுக்கு (மீன் வடிவ லூர்) போங்கள். 10 முதல் 15 கிராம் ஜிக் ஹெட் (தலையில் எடை வைத்த தூண்டில் முள்), முள்ளின் அளவு 5/0.

முள்ளைச் செருகுவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். லூரை ஜிக் ஹெட்டின் பக்கத்தில் வைத்து, முள்ளின் வளைவு எங்கே வருகிறதென்று முதலில் பாருங்கள். சரியாக அந்த இடத்தில், முதுகின் நடுக்கோட்டில் முள் வெளியே வர வேண்டும். கொஞ்சம் கோணினாலும் லூர் தண்ணீரில் சுழலும். வால் அடிக்காது, லைனும் முறுக்கிக்கொள்ளும்.

நேரம், கடல் நீர் வற்றும் கடைசி 2 மணி நேரம். இடம், அலையாத்திக் காட்டு ஓடைகள் கிரீக்கில் (கடல் நீர் ஏறி இறங்கும் கழி) சேரும் வாய். லூர் தரை தொட்டதும் ராடை மெல்ல ஒரு அடி தூக்கி, மறுபடி இறங்க விடுங்கள். கடி பெரும்பாலும் இறங்கும்போதுதான். லைன் ரொம்பத் தொய்ந்திருந்தால் கைக்குத் தெரியவே தெரியாது. கலங்கல் நீரில் ரீலை வேகமாகச் சுற்றுவது வீண்.

செவுள் மூடி பிளேடு மாதிரி அறுக்கும். அதனால் 40 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் வலுவான லைன் துண்டு) கட்டாயம். மீன் துள்ளினால் ராடு நுனியைத் தாழ்த்துங்கள். கொடுவா ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் இனம். மிகப் பெரியவை அநேகமாக முட்டையிடும் பெண்கள், தயவுசெய்து விட்டுவிடுங்கள். முள்ளைக் கழற்ற நீள மூக்கு பிளேயர் போதும், செவுளுக்குள் விரல் விடாதீர்கள்.