புதிய நாட்டில் பள்ளியும் குழந்தைகள் காப்பகமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலையில் சேரும் தேதியை வைத்து டிக்கெட் போட்டுவிட்டு, பள்ளி விஷயத்தைப் "போனதும் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுவதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் இதிலிருந்தே கிளைக்கின்றன. கல்வியாண்டு ஜப்பானில் ஏப்ரலில் தொடங்குகிறது, சிங்கப்பூரில் ஜனவரியில், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஆகஸ்ட், செப்டம்பரில். ஆண்டின் நடுவில் போய் நின்றால் விரும்பிய பள்ளி கிடைப்பது அரிது. எங்கே இடம் காலியோ அங்கேதான் சேர்க்க வேண்டிவரும்.

"என் மகள் இரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள், மூன்றாம் வகுப்பில் சேருங்கள்" என்று கேட்பது அடுத்தது. பல நாடுகளில் வகுப்பை முடிவு செய்வது மதிப்பெண் பட்டியல் அல்ல, பிறந்த தேதி. இங்கிலாந்தில் ஆகஸ்ட் 31-க்குள் 4 வயது நிறைந்த குழந்தை அந்தச் செப்டம்பரிலேயே, முதல் வகுப்புக்கு முந்தைய 'ரிசெப்ஷன்' வகுப்பில் சேரலாம். செப்டம்பர் 1-ல் 4 வயதாகும் குழந்தை இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஃபின்லாந்தில் 7 வயது ஆகும் ஆண்டில்தான் முதல் வகுப்பு. ஆகவே வகுப்பு எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாடிப் பயனில்லை. சின்ன வகுப்புகளில் எண் ஒன்று குறைந்தால் குடி முழுகிப் போய்விடாது.

14 வயதுக்கு மேல்தான் உண்மையான கவனம் தேவை. பத்தாம் வகுப்பு அளவிலான சர்வதேசப் படிப்பான ஐ.ஜி.சி.எஸ்.இ. வழக்கமாக இரண்டாண்டுகளில் நடத்தப்படுகிறது, பன்னிரண்டாம் வகுப்பு அளவிலான ஐ.பி. டிப்ளோமாவும் இரண்டாண்டுப் படிப்பு. இரண்டாம் ஆண்டில் போய்ச் சேர்ந்தால் எடுத்த பாடங்கள் அங்கே இல்லாமல் போகலாம், பாதியில் நிற்கும் செய்முறைப் பணிகளைப் புதிதாகச் செய்ய நேரலாம். அந்த ஓராண்டுக்குப் பெற்றோரில் ஒருவர் மட்டும் முன்னால் போவதே மேல்.

வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், பள்ளியின் சேர்க்கை எல்லைக்குள் அந்த முகவரி வருகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. எல்லைக்குள் இருந்தாலும் குறிப்பிட்ட வகுப்பு நிரம்பியிருக்கலாம். உள்ளூர் கல்வி அலுவலகத்துக்குக் குழந்தையின் பிறந்த தேதியையும் வந்து சேரும் மாதத்தையும் எழுதி, எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் விசாவுக்கு அரசுப் பள்ளி உண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். தனியார் பள்ளி என்றால், விலகுவதற்கு எத்தனை மாத முன்னறிவிப்பு கேட்கிறார்கள் என்று பாருங்கள். அதைத் தவறவிட்டால் ஒரு பருவக் கட்டணம் முழுவதும் போய்விடலாம்.

ஆவணங்களில் அதிகம் காலை வாருவது தடுப்பூசி அட்டை. அதில் 03/04/2021 என்று இருந்தால் அமெரிக்கப் பள்ளி அதை மார்ச் 4 என்றே படிக்கும். மாதத்தை எழுத்தில் குறித்து, ஒவ்வொரு டோஸுக்கும் தனித்தனித் தேதியுடன், மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் வைத்த புதிய சான்று வாங்குங்கள். முதல் பிறந்தநாளுக்கு முன்பே, 9 மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசியை அமெரிக்கப் பள்ளிகள் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்னொரு டோஸ் வேண்டும். ஜெர்மனியில் 2020 மார்ச் முதல், ஒரு வயது நிறைந்த குழந்தையைக் காப்பகத்தில் சேர்க்கத் தட்டம்மைத் தடுப்புச் சான்று கட்டாயம். பிசிஜி போட்ட குழந்தைக்குக் காசநோய்த் தோல் பரிசோதனை தவறாகப் 'பாசிட்டிவ்' காட்டலாம். ரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று முதலிலேயே கேட்டால் வீண் எக்ஸ்ரேயும் அலைச்சலும் மிச்சம்.

பிறப்புச் சான்றிதழுக்கு, 1961 ஹேக் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளுக்கிடையே பெரும்பாலும் அபோஸ்டில் என்னும் சான்று முத்திரை போதும், மற்றவற்றுக்குத் தூதரகச் சான்றொப்பம் வேண்டும். அபோஸ்டிலைச் சான்றிதழ் வழங்கிய நாட்டில்தான் வாங்க முடியும் என்பதால் புறப்படும் முன்பே முடித்துவிடுங்கள். அசல்கள் கைப்பையில் இருக்கட்டும். கப்பலில் வரும் பெட்டியில் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் ஏராளம்.

காப்பகத்தில் நடக்கும் பெரிய தவறு, அம்மாவும் அப்பாவும் ஒரே திங்கட்கிழமை வேலைக்குப் போகத் திட்டமிடுவது. ஜெர்மனியின் பல காப்பகங்களில் பழக்கும் காலம் என்று ஒன்று உண்டு. முதல் மூன்று நாள் பெற்றோர் குழந்தையோடு அறையிலேயே ஒரு மணி நேரம் போல உட்கார வேண்டும். நான்காம் நாள்தான் சில நிமிடம் வெளியே போய்ப் பார்க்கச் சொல்வார்கள். குழந்தை அழுது அடங்கவில்லை என்றால் பிரிவு இன்னும் தள்ளிப்போகும். முழுதாகப் பழகப் பல வாரம் ஆகலாம். அதுவரை ஒருவருக்கு விடுப்பு இருந்தாக வேண்டும். இடம் கிடைப்பதும் எளிதல்ல. அங்கே ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் காப்பக இடம் 2013 ஆகஸ்ட் முதல் சட்ட உரிமை, ஆனாலும் நகரங்களில் காத்திருப்புப் பட்டியல் நீளமானது.

பள்ளி கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்கள், பல இடங்களில் பள்ளி மதியமே விட்டுவிடும் என்பதைக் கவனிப்பதில்லை. பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்புக்கும் விடுமுறைக்கால முகாமுக்கும் பெரும்பாலும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். வீட்டிலேயே குழந்தை பார்ப்பவரிடம் விடுவதாக இருந்தால் பதிவு எண் கேளுங்கள், எத்தனை குழந்தைக்கு ஒருவர் என்றும் கேளுங்கள். இங்கிலாந்துக் காப்பகங்களில் 2 வயதுக்குட்பட்ட 3 குழந்தைகளுக்குக் குறைந்தது ஒருவர் என்பது விதி. அரசு உதவித்தொகை வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடாதீர்கள், அதுவும் விசாவைப் பொறுத்தது.

புதிய மொழிக்காக வீட்டில் தாய்மொழியை நிறுத்துவது வேண்டாத வேலை. புதிய மொழியில் சரளமாகப் பேசக் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 2 ஆண்டு போதும், பாடங்களுக்குரிய மொழி வசப்பட 5 ஆண்டுக்கு மேல் ஆகலாம். அதுவரை கணக்கையும் அறிவியலையும் தெரிந்த மொழியில் புரிந்துகொள்ள வேண்டாமா? தொடக்கத்தில் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், பள்ளியில் வாயே திறக்காமல் இருப்பதும் இயல்புதான். காப்பகத்துக்குப் போகும் குழந்தை என்றால் தண்ணீர், சிறுநீர், வலி, தூக்கம் ஆகியவற்றுக்கு அது வீட்டில் சொல்லும் சொற்களைப் பராமரிப்பாளர் படிக்கும் எழுத்தில் ஒரு தாளில் எழுதி, முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.