பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: பூட் ஆகும் பென்டிரைவ் தயாரிப்பது எப்படி?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசஸர் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அதனால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ லேப்டாப்புகள் இப்போது பீரோவுக்குள் போய்விட்டன. அக்கா வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம். போன மாதம் அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். அவள் மகள் இப்போது அதில்தான் படிக்கிறாள். அதற்காக, கணினியைத் துவக்கப் பயன்படும் (பூட் ஆகும்) பென்டிரைவை நான் தயாரித்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். முன்பின் செய்து பழக்கமில்லாதவர்களும் தாராளமாகச் செய்யலாம்.

தேவையானவை

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று, விண்டோஸ் ஓடும் கணினி ஒன்று, இணையம். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். உள்ளே கல்யாண போட்டோவோ, பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேனோ இருக்கிறதா என்று திறந்து பார்த்து, முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் ஃபார்மேட் செய்து, அப்பாவின் பழைய போட்டோக்களை இழந்தேன். அவை திரும்பக் கிடைக்கவே இல்லை.

படி 1: ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்குங்கள்

ஐஎஸ்ஓ என்பது முழு இயங்குதளமும் அடங்கிய ஒரே கோப்பு. லினக்ஸ் மின்ட் இணையதளத்தில் சினமன், எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே என மூன்று பதிப்புகள் இருக்கும். 4 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றில் அதுதான் லேசானது. 22 வரிசை போதும். அதற்கு 2029 வரை அப்டேட் வரும். கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி இருக்கும். மொபைல் டேட்டாவில் இறக்குபவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: கோப்பு சரியானதா என்று பாருங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் படி இது. தயவுசெய்து தாண்டாதீர்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள்ளேயே ஒருவர் ஊடுருவி, 17.3 சினமன் பதிப்புக்கான இணைப்பைத் தன்னுடைய கள்ளக் கோப்புக்கு மாற்றி வைத்தார். பிறர் ரகசியமாகக் கணினிக்குள் நுழையப் பின்கதவு வைத்த கோப்பு அது. அதிகாரபூர்வ தளம்தானே என்று நம்பி இறக்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இது எப்போதோ நடப்பது. ஆனால் பாதியில் இணையம் அறுந்து கோப்பு கெட்டுப்போவது அடிக்கடி நடப்பது. அப்படிக் கெட்ட கோப்பு, நிறுவும்போது நடுவில் நின்று உங்களைப் படாதபாடு படுத்தும்.

இதைச் சரிபார்க்க ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளே போதும். அதன் சொந்தத் தளத்திலிருந்து போர்ட்டபிள் பதிப்பை இறக்குங்கள், நிறுவத் தேவையில்லை. பென்டிரைவைச் செருகி ரூஃபஸைத் திறந்து, 'செலக்ட்' பொத்தானை அழுத்தி ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டுங்கள். பக்கத்தில் டிக் குறி போட்ட ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஷா-256 என்ற வரியில் 64 எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான சரம் வரும், அது அந்தக் கோப்பின் கைரேகை மாதிரி. மின்ட் தளத்தில் அதே கோப்புக்குக் கொடுத்திருக்கும் சரத்தோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பு வேண்டாம், மறுபடி இறக்குங்கள்.

படி 3: பென்டிரைவில் எழுதுங்கள்

ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் காப்பி செய்து ஒட்டினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. கணினியை ஆன் செய்ததும் முதலில் எழுவது மதர்போர்டில் இருக்கும் யூஇஎஃப்ஐ என்ற துவக்க மென்பொருள். பென்டிரைவில் ஃபேட்32 என்ற வடிவில் ஃபார்மேட் செய்த பகுதி இருக்கிறதா, அதற்குள் குறிப்பிட்ட ஃபோல்டரில் துவக்கக் கோப்பு இருக்கிறதா என்றுதான் அது தேடும். ஐஎஸ்ஓ என்பது அத்தனையையும் சேர்த்துக் கட்டிய மூட்டை. மூட்டையாகவே வைத்துவிட்டால் யூஇஎஃப்ஐக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரூஃபஸ் அதைப் பிரித்து, உரிய இடத்தில் அடுக்கிக் கொடுக்கிறது.

ரூஃபஸில் மேலே 'டிவைஸ்' என்ற இடத்தில் உங்கள் பென்டிரைவின் பெயரும் அளவும்தான் காட்டுகிறதா என்று பாருங்கள். வேறு பென்டிரைவோ வெளி ஹார்டு டிஸ்கோ செருகியிருந்தால் கழற்றிவிடுவது நல்லது. மற்றதெல்லாம் ரூஃபஸ் தானாகத் தேர்ந்தபடியே இருக்கட்டும். 'ஸ்டார்ட்' அழுத்தினால் ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா என்று கேட்கும். ஐஎஸ்ஓ முறையைத் தேருங்கள். கூடுதல் கோப்பு ஒன்றை இறக்கட்டுமா என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள். பச்சைப் பட்டை முழுதாகி 'ரெடி' என்று வரும்வரை பென்டிரைவைத் தொடாதீர்கள்.

இப்படிச் செய்த பென்டிரைவ் உங்கள் கணினியில் பூட் ஆகவில்லை என்றால், அடுத்த முறை டிடி முறையில் எழுதிப் பாருங்கள். அப்போது, 'இந்த டிஸ்கை ஃபார்மேட் செய்யட்டுமா' என்று விண்டோஸ் கேட்கக்கூடும். வேண்டாம் என்று மூடிவிடுங்கள். சரி என்று சொன்னால் எழுதியது அத்தனையும் போய்விடும்.

படி 4: பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள்

லேப்டாப்பை ஆன் செய்தவுடன் ஒரு விசையைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஆசஸ் என்றால் எஸ்கேப். வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேருங்கள். விசை வேலை செய்யவில்லை என்றால், விண்டோஸுக்குள்ளேயே ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி 'ரீஸ்டார்ட்' அழுத்துங்கள். நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' இருந்தால் அதன் வழியாகவும் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. லேப்டாப்பில் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இயங்கினால், பூட் அமைப்புகளில் கை வைத்த பிறகு விண்டோஸ் மீட்புச் சாவி கேட்கலாம். 48 இலக்க எண் அது. முன்கூட்டியே எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

படி 5: நிறுவும் முன் ஓட்டிப் பாருங்கள்

மின்ட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பென்டிரைவிலிருந்தே முழு இயங்குதளமும் ஓடும். நீங்களாக நிறுவச் சொல்லும்வரை ஹார்டு டிஸ்கில் எதுவும் மாறாது. அவசரப்படாமல் அரை மணி நேரம் உட்காருங்கள். வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, டச்பேட் ஒழுங்காக நகர்கிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா என்று பாருங்கள். கீபோர்டு அமைப்பில் தமிழ்நெட் 99 தளவமைப்பைச் சேர்த்து நாலு வரி தட்டச்சு செய்து பாருங்கள். அக்காவின் லேப்டாப்பில் வைஃபை மட்டும் இணையவில்லை. போனைக் கேபிளில் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்து (யூஎஸ்பி டெதரிங்), டிரைவர் மேனேஜரில் உரிய டிரைவரைப் போட்டதும் சரியாகிவிட்டது.

எல்லாம் சரி என்று தோன்றினால் மேசையில் இருக்கும் 'இன்ஸ்டால்' சின்னத்தை இரட்டை கிளிக் செய்யுங்கள். அங்கே 'இரேஸ் டிஸ்க்' என்று வரும் தேர்வு விண்டோஸையும் கோப்புகளையும் சேர்த்தே அழித்துவிடும். டிஸ்கில் இருந்ததெல்லாம் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று உறுதியானபின் மட்டும் அதைத் தேருங்கள்.

வேலை முடிந்தபின் பென்டிரைவ்

பழையபடி சாதாரண பென்டிரைவாக வேண்டும் என்றால், ரூஃபஸில் 'நான் பூட்டபிள்' என்பதைத் தேர்ந்து ஸ்டார்ட் கொடுங்கள், முழு அளவும் திரும்பக் கிடைக்கும். ஆனால் நான் அதை அழிக்கவில்லை. பெயர் எழுதி மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். பிட்லாக்கர் இல்லாத ஒரு கணினியில் விண்டோஸ் திறக்காமல் படுத்துக்கொண்டால், இதிலிருந்து பூட் செய்து கோப்புகளை வெளியே எடுத்துவிடலாம்.